லித்தியம் உலோகம் அறை வெப்பநிலையில் எப்படி நடந்துகொள்ளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லித்தியத்தை உலோகமாகவே கையாள வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. எளிதானவை முன்னால், சிக்கலானவை பின்னால். தனியாகக் குறிப்பிடாத இடங்களில் அறை வெப்பநிலை என்றால் 20 முதல் 25 டிகிரி செல்சியஸ். எண்கள் எல்லாம் சுத்தமான உலோகத்துக்கு உரியவை. பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது: அட்டவணை பேசுவது சுத்தமான லித்தியத்தைப் பற்றி, கையில் இருப்பதோ மேலே ஒரு தோல் படிந்த லித்தியம்.

லித்தியம் திடமா, திரவமா? வெயில்ல வச்சா உருகிடுமா?

திடம். 180.5 டிகிரியில்தான் உருகும், 1342 டிகிரியில் கொதிக்கும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் கிடந்தாலும் உருகாது. "கார உலோகம் எல்லாம் சீக்கிரம் உருகும்" என்று கேட்டிருப்பீர்கள். அது அதன் உறவுகளுக்குப் பொருந்தும்: சோடியம் 97.8, பொட்டாசியம் 63.5, ருபிடியம் 39.3, சீசியம் 28.5 டிகிரி. அந்தக் குடும்பத்தில் உருகக் கடைசி ஆள் லித்தியம்தான்.

உருகாவிட்டாலும் நன்றாக விரியும். 10 செ.மீ. நீளத் துண்டு 20 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 0.09 மி.மீ. நீளும். அலுமினியம் விரிவதைப் போல இரண்டு மடங்கு. இறுக்கமான அச்சுக்குள் பொருத்துகிறவர்கள் இதற்கு இடம் விட வேண்டும்.

வெள்ளி மாதிரி இருக்கும்னாங்க. பாட்டில்ல இருக்கறது கறுப்பா இருக்கே, கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் இல்லை. புதிதாக வெட்டிய முகம் வெள்ளி போலவே பளபளக்கும். ஈரக்காற்றில் அந்தப் பளபளப்பு சில நிமிடம்தான். முதலில் மங்கும், பிறகு சாம்பல் நிறமாகும், அப்புறம் கருக்கும். காற்றில் உள்ள நீராவி, நைட்ரஜன், ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு நான்கும் இதில் பங்கெடுக்கின்றன. கருமைக்குப் பெரும் பங்கு லித்தியம் நைட்ரைடு. வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் அது ஹைட்ராக்சைடும் கார்பனேட்டும். நீண்ட நாள் காற்று பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

சோதிக்க ஒரே வழி, உலர்ந்த ஆர்கானுக்குள் வைத்து ஓரத்தை ஸ்டீல் கத்தியால் சீவிப் பார்ப்பது. அரை மில்லிமீட்டர் சீவுவதற்குள் பளபளப்பு தெரிந்தால் உள்ளே நல்ல உலோகம் இருக்கிறது. சீவச் சீவ மாவாக உதிர்ந்தால் அந்தத் துண்டை நம்ப வேண்டாம்.

எவ்வளவு லேசு? தண்ணில மிதக்குமா?

ஒரு கன செ.மீ. 0.534 கிராம். தண்ணீரின் எடையில் பாதியை விடச் சற்றுக் கூடுதல். அறை வெப்பநிலையில் திடமாக இருக்கும் தனிமங்களிலேயே மிக லேசானது இதுதான். பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள ஒரு கட்டி 534 கிராம்தான் இருக்கும். அதே அளவு இரும்புக் கட்டி 7.9 கிலோ.

தண்ணீரில் மிதக்கும், ஆனால் சும்மா மிதக்காது. அதைத் தனியாகப் பின்னால் பார்ப்போம்.

ஏன் இவ்வளவு லேசு? அணு சின்னதுன்னா நெருக்கமா அடுக்கி எடை கூடணுமே?

நல்ல கேள்வி. இரண்டு காரணங்கள். ஒன்று, அணுவே எடை குறைந்தது: அணு எடை 6.94. இரண்டு, அந்த எடைக்கு அது பிடித்துக்கொள்ளும் இடம் அதிகம். ஒரே ஒரு இணைதிற எலக்ட்ரான்தான் (அணுவின் வெளிக்கூட்டில் இருப்பது) பிணைப்புக்கு வருகிறது, அதனால் அணுக்களை இறுக்கி இழுக்கும் விசை குறைவு.

நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அறை வெப்பநிலையில் லித்தியத்தின் படிக அமைப்பு பொருள் மைய கனசதுரம்: மூலைகளிலும் நடுவிலும் அணுக்கள். கனசதுரத்தின் பக்கம் 3.51 ஆங்ஸ்ட்ராம், ஒவ்வொன்றிலும் 2 அணுக்கள். இரண்டு அணுக்களின் எடையை (2 × 6.94 ஐ அவகாட்ரோ எண்ணால் வகுத்து) அந்தக் கனசதுரத்தின் கன அளவால் வகுத்தால் 0.533 வரும். அட்டவணையில் உள்ள 0.534 வானத்திலிருந்து விழுந்த எண் இல்லை.

எண்ணெய்ல மூழ்க வச்சு வைக்கணும்னு சொல்றாங்க. போட்டா மேல வந்து மிதக்குதே?

மிதக்கத்தான் செய்யும். மினரல் ஆயில் 0.85 அளவு, மண்ணெண்ணெய் 0.8, ஹெக்சேன் 0.66, பென்டேன் 0.63. லித்தியம் 0.534. பரிசோதனைக்கூட அலமாரியில் இருக்கும் திரவம் எதிலும் அது மூழ்காது. சோடியத்துக்குப் பழகிய கை லித்தியத்தையும் அதே பாட்டிலில் போட்டுவிட்டுப் போய்விடும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி மட்டும் அரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். பாட்டிலைத் திறந்தால் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே உலோகம், மேலே பொருக்கு என்று கோடு போட்டது போலத் தெரியும்.

மூன்று வழிகள் உண்டு. துண்டின் மேல் முழுக்கப் பெட்ரோலியம் ஜெல்லியைப் பூசி வைக்கலாம். அது திரவமில்லை என்பதால் வழிந்து போகாது. எண்ணெயில்தான் என்றால் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலையால் அமுக்கி, பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பி, மேலே உள்ள காற்றை ஆர்கானால் மாற்றுங்கள். எல்லாவற்றிலும் சிறந்தது, ஆர்கான் நிரப்பி ஒட்டிய உறை. ஃபாயிலை (மெல்லிய தாளாக உருட்டிய லித்தியத்தை) எண்ணெயில் போடவே வேண்டாம். பிறகு அதைத் துடைப்பதற்குள் பாதி வீணாகிவிடும்.

ஆர்கான் விலை அதிகம். நைட்ரஜன்ல வைக்கக் கூடாதா? அதுவும் மந்த வாயுதானே?

மற்றவற்றுக்கு மந்தம், லித்தியத்துக்கு இல்லை. அறை வெப்பநிலையிலேயே நைட்ரஜனோடு சேரும் கார உலோகம் இது ஒன்றுதான். முற்றிலும் உலர்ந்த நைட்ரஜனில் வினை மிக மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் துளி ஈரம் இருந்தால் போதும், அது வினையைத் தூண்டிவிடும், கருப்புப் புள்ளிகள் தோன்றிப் பரவும். சோடியத்துக்கு நைட்ரஜன் பெட்டி போதும் என்பதை இங்கே கொண்டுவரக் கூடாது.

கையுறை பொருத்திய மூடிய பெட்டியான குளோவ் பாக்ஸில் ஆர்கான், நீராவியும் ஆக்சிஜனும் தலா பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் கீழே: இதுதான் வழக்கம். தொழிற்சாலைகளில் ஃபாயிலைச் சாதாரணக் காற்றிலேயே கையாளுகிறார்களே என்றால், அது உலர் அறை. அங்கே பனிநிலை (காற்றின் நீராவி படியத் தொடங்கும் வெப்பநிலை) மைனஸ் 40 டிகிரி அல்லது அதற்கும் கீழே. மைனஸ் 40 என்றால் காற்றில் நீராவி பத்து லட்சத்தில் 130 பங்கு அளவுதான். அந்த உலர்ச்சியில் வினை மணிக்கணக்கில் நகரும் அளவுக்குத் தளர்ந்துவிடுகிறது.

லித்தியத்துக்கு வாசனை உண்டா? பாட்டிலைத் திறந்ததும் மூக்கு எரியுது.

உலோகத்துக்கு வாசனை இல்லை. அறை வெப்பநிலையில் அதிலிருந்து ஆவி வருவதே இல்லை எனலாம். நீங்கள் முகர்ந்தது அம்மோனியா. மேலே படிந்த நைட்ரைடில் ஈரம் பட்டால் ஹைட்ராக்சைடும் அம்மோனியாவும் உண்டாகும். ஆகவே அந்த நெடி ஒரு தகவல்: உள்ளே காற்றும் ஈரமும் போயிருக்கின்றன, மூடி சரியில்லை.

கத்தியால வெட்டலாமாமே, அவ்வளவு மெத்துனா இருக்கும்?

வெட்டலாம். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 0.6. டால்க் 1, நகம் ஏறக்குறைய 2.5. ஆனால் சோடியம் (0.5) அளவுக்கு இளகியதில்லை, கார உலோகங்களில் கடினமானது லித்தியம்தான். விரற்கடை மொத்தமுள்ள கட்டியைக் கத்தியால் வெட்டும்போது காய்ந்த சோப்பை வெட்டுவது போல இருக்கும்: முதலில் இறங்கும், பிறகு இரண்டு பக்கமும் அலகைக் கவ்விக்கொள்ளும். அது ஒட்டிக்கொள்வதுதான், கடினம் இல்லை. புதிய லித்தியம் முகங்கள் எதனோடும் ஒட்டப் பார்க்கும், ஒன்றோடொன்று அமுக்கினால் சூடில்லாமலே ஒன்றாக ஒட்டிவிடும். அலகில் துளி உலர்ந்த ஹெக்சேன் தடவிக்கொண்டு, ஒரே அழுத்தாக அழுத்தாமல் சிறிது சிறிதாக இழுத்து வெட்டுங்கள்.

வெறுங்கையால் மட்டும் வேண்டாம். வியர்வை பட்ட இடத்தில் லித்தியம் ஹைட்ராக்சைடு உண்டாகித் தோலைப் புண்ணாக்கும்.

ஃபாயில் மேல எடை வச்சுட்டுப் போனேன், வந்து பார்த்தா மெலிஞ்சிருக்கு. எடை அவ்வளவு இல்லையே?

லித்தியத்தின் குணங்களிலேயே அதிகம் கவனிக்கப்படாதது இது. 25 டிகிரி நமக்கு அறை வெப்பநிலை. லித்தியத்துக்கு அது சூடு. கெல்வினில் பாருங்கள்: அறை 298, உருகுநிலை 453.7. அதாவது உருகுநிலையின் 66 விழுக்காட்டில் நிற்கிறது. இரும்பை இதே நிலைக்குக் கொண்டுவர 900 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். 900 டிகிரி இரும்பின் மேல் பாரம் வைத்தால் அது மெல்ல மெல்லத் தொய்யும், அதற்கு க்ரீப் என்று பெயர். லித்தியம் மேசை மேல் கிடக்கும்போதே அந்த நிலையில்தான் இருக்கிறது.

எண்ணில் சொன்னால், நிலையாக வளையத் தொடங்கும் தகைவு 0.7 முதல் 0.8 மெகாபாஸ்கல். ஒரு சதுர செ.மீ. மேல் 7 அல்லது 8 கிலோ. அதற்குக் கீழேயும், நேரம் கொடுத்தால், மெதுவாக நகரும். அதனால் "எவ்வளவு அழுத்தம்" என்று மட்டும் கேட்டால் பதில் முழுமையாகாது, "எவ்வளவு நேரம்" என்பதையும் சேர்க்க வேண்டும். வேகமாக இழுத்துச் சோதித்தால் வலிமை கூடுதலாகவும், மெதுவாக இழுத்தால் குறைவாகவும் காட்டும். போல்ட்டை முறுக்கி அழுத்தி வைத்த பேட்டரி செல்லில் மறுநாள் அழுத்தம் குறைந்திருந்தால் அளவி பழுதென்று உடனே முடிவு கட்ட வேண்டாம். லித்தியம் வழிந்து இடம் மாறியிருக்கலாம். சுருள் வில் வைத்து அழுத்தினால் இந்தச் சரிவு பெரிதாகத் தெரியாது.

யங் குணகம் ஒரு இடத்துல 4.9, இன்னொரு இடத்துல 7.8 ஜிகாபாஸ்கல்னு இருக்கு. எதை எடுத்துக்கறது?

யங் குணகம் என்பது ஒரு பொருள் இழுப்புக்கு எவ்வளவு விறைப்பாக நிற்கிறது என்பதன் அளவு. இந்த இரண்டு எண்களுமே அச்சில் உள்ளவைதான். மேலே சொன்ன தொய்வு இதில் ஒரு காரணம். மெதுவாக இழுத்து அளந்தால் மீள்தன்மையோடு தொய்வும் சேர்ந்துகொண்டு எண்ணைக் குறைத்துவிடும். ஒலி அலையை விட்டு அளந்தால் தொய்ய நேரமே இருக்காது. புதிய ஒலி அளவீடு 7.8 தருகிறது.

இன்னொரு காரணம் திசை. ஒற்றைப் படிகத்தில் கனசதுரத்தின் பக்கத்தோடு அளந்தால் 3 ஜிகாபாஸ்கல், மையத்தின் வழியே போகும் மூலைவிட்டத்தோடு அளந்தால் 21. ஏழு மடங்கு! உருட்டித் தட்டிய ஃபாயிலில் படிகத் துகள்கள் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், நீளவாக்கில் ஒரு எண்ணும் குறுக்கே இன்னொன்றும் வரும். பொதுக் கணக்குக்கு 7.8 எடுங்கள், ஃபாயிலை நம்பி வடிவமைக்கிறீர்கள் என்றால் அந்த ஃபாயிலையே அளந்துவிடுங்கள்.

இவ்வளவு மெத்துனு இருக்கற உலோகம் பேட்டரிக்குள்ள பிரிப்பானைத் துளைக்குதுங்கறாங்களே, எப்படி?

பிரிப்பான் என்பது பேட்டரியின் இரண்டு மின்முனைகளும் தொட்டுக்கொள்ளாமல் நடுவே நிற்கும் மெல்லிய படலம். மேலே கொடுத்த 0.7 மெகாபாஸ்கல் கட்டியாக இருக்கும் லித்தியத்துக்கு. அளவு சிறுத்தால் வலிமை கூடும். ஒரு மைக்ரான் தடிமனுள்ள லித்தியத் தூண்களை அறை வெப்பநிலையில் அமுக்கிப் பார்த்ததில் 100 மெகாபாஸ்கல் வரை தாங்கின. நூறு மடங்குக்கும் மேல். கட்டியில் படிகக் குறைகள் எளிதாக வழுக்கி உருவத்தை மாற்றிவிடும். மைக்ரான் தூணில் வழுக்குவதற்குக் குறைகளே கொஞ்சம்தான். மின்முலாம் போலப் படிந்து வளரும் லித்தியக் கிளைகள் அந்த அளவில்தான் இருக்கின்றன. பாலிமர் பிரிப்பானின் துளைகள் வழியாக அவை முட்டாமலே நுழைந்துவிடவும் முடியும்.

மின்சாரம் கடத்துமா? செம்பை விட நல்லதுன்னு கூட ஒரு பேச்சு இருக்கே?

பருமனுக்குப் பருமன் பார்த்தால் இல்லை. 20 டிகிரியில் மின்தடை எண் 92.8 நானோ ஓம் மீட்டர், செம்புக்கு 16.8. அதே நீளம், அதே மின்தடை வேண்டுமானால் லித்தியக் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு 5.5 மடங்கு இருக்க வேண்டும்.

எடைக்கு எடை பார்த்தால் பேச்சு உண்மைதான். அந்த 5.5 மடங்கு பருமனான கம்பி, செம்புக் கம்பியின் எடையில் மூன்றில் ஒரு பங்கே இருக்கும். ஆனால் சோடியம் இந்தக் கணக்கில் லித்தியத்தையும் கொஞ்சம் முந்திவிடும். காற்றுப் படாமல் மூடி வைக்க வேண்டிய, எடை வைத்தால் மெலிகிற ஒரு கம்பியை யாரும் வீட்டுக்கு இழுக்கப் போவதில்லை.

வெப்பத்தையும் நன்றாகவே கடத்தும்: 85 வாட்/மீட்டர் கெல்வின், இரும்புக்குக் கொஞ்சம் மேலே.

தன்வெப்பம் எல்லாத் திட தனிமத்தையும் விட அதிகமாமே? அப்போ வெப்பத்தைச் சேமிக்க இதைவிட நல்லது கிடையாதா?

ஒரு கிராமை ஒரு டிகிரி சூடாக்க 3.58 ஜூல், திடத் தனிமங்களில் இதுவே முதலிடம். அலுமினியம் 0.90, இரும்பு 0.45. ஆனால் ஒரு மோலுக்குக் கணக்கிட்டால் 3.58 × 6.94 = 24.8 ஜூல், பெரும்பாலான உலோகங்களைப் போலத்தான். அணு லேசு என்பதால் ஒரு கிராமில் அணுக்கள் அதிகம், அவ்வளவுதான் சங்கதி. கன செ.மீ.க்குப் பார்த்தால் லித்தியம் 1.9 ஜூல், இரும்பு 3.5, தண்ணீர் 4.2. எடைதான் கவலை என்றால் லித்தியம், இடம்தான் கவலை என்றால் வேண்டாம்.

காந்தம் ஒட்டுமா?

ஒட்டாது. மிக மெலிதான பாரா காந்தத் தன்மை உண்டு, நுண்ணிய கருவியில்தான் தெரியும்.

தண்ணில போட்டா வெடிக்குமா?

பட்டாணி அளவுத் துண்டு மிதந்துகொண்டே சீராக நுரைக்கும், ஹைட்ரஜன் வரும், ஹைட்ராக்சைடு கரையும். சோடியம் உருகி உருண்டையாகி ஓடுவதுபோல் இது ஓடாது. வினையின் சூடு அதை 180 டிகிரிக்குக் கொண்டுபோவதற்குள் தண்ணீர் சூட்டை உறிஞ்சிவிடுகிறது. முனைகள் மழுங்கினாலும் துண்டு உருகாமல் திடமாகவே இருக்கும்.

இதை வைத்து "சாது" என்று எண்ண வேண்டாம். ஒரு கிராம் லித்தியம் 1.7 லிட்டருக்கும் மேல் ஹைட்ரஜனையும் 32 கிலோஜூல் அளவு வெப்பத்தையும் தரும். துண்டு பெரிதாக, தண்ணீர் கொஞ்சமாக இருந்தால் சூடு போக வழியின்றி உருகிப் பற்றிக்கொள்ளும். தூளோ மெல்லிய ஃபாயிலோ இன்னும் மோசம். ஈரத் துணியால் லித்தியத் துகளைத் துடைப்பது இந்த மோசமான நிலையை நாமே உண்டாக்குவது.

எந்தக் கருவி, எந்தப் பாத்திரம் பயன்படுத்தலாம்?

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நிக்கல், செம்பு மூன்றும் அறை வெப்பநிலையில் பாதுகாப்பு. ஃபாயிலைச் செம்பின் மேல் ஒட்டி விற்பது அதனால்தான். அலுமினியம், வெள்ளி, தங்கம், வெள்ளீயம், துத்தநாகம் போன்றவற்றோடு உலோகக் கலவை உண்டாகும். அலுமினியத் தாளில் நேரடியாகச் சுற்றி வைத்தால் தொட்ட இடமெல்லாம் நொறுங்கத் தொடங்கும். உருளையில் உருட்டும்போது வெற்று ஸ்டீலில் ஒட்டும். நடுவே பாலிப்ரொப்பிலீன் படலம் வையுங்கள். டெஃப்லானை நம்பாதீர்கள்: அதன் ஃப்ளூரினை லித்தியம் பறிக்கும், தொட்ட இடம் கருக்கும். கண்ணாடிப் பாட்டில் திட லித்தியத்துக்குச் சரி, உருகிய லித்தியத்துக்கு ஆகாது.

தீப்பிடிச்சா மணல் போடலாமா?

கூடாது. எரியும் லித்தியம் மணலில் உள்ள சிலிக்காவோடும் அதில் ஒளிந்திருக்கும் ஈரத்தோடும் வினை புரியும். தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு, சாதாரணத் தூள் அணைப்பான் எதுவும் ஆகாது. உலர்ந்த கிராஃபைட் தூள் அல்லது செம்புத் தூள், அதுவும் "லித்தியத்துக்கு" என்று எழுதியிருக்கும் அணைப்பான். சோடியத்துக்கான உப்புத் தூளை இதற்கு எடுக்காதீர்கள். அணைந்த பின் மேலோட்டைக் கிளறவே கூடாது. அடியில் சூடான உலோகமும் நைட்ரைடும் இருக்கும், காற்று பட்டதும் மறுபடி பற்றும்.

போன் பேட்டரிக்குள்ள இதே உலோகம்தான் இருக்கா?

இல்லை. லித்தியம்-அயனி செல்லில் லித்தியம் அயனியாகத்தான் இரண்டு மின்முனைகளான கிராஃபைட்டுக்கும் ஆக்சைடுக்கும் இடையே போய்வருகிறது. கடுங்குளிரில் வேகமாகச் சார்ஜ் செய்தாலோ, அளவுக்கு மீறி ஏற்றினாலோ கிராஃபைட்டின் மேல் உலோகமாகப் படியும், அது கோளாறு. திரும்பச் சார்ஜ் செய்ய முடியாத லித்தியம் பட்டன் செல்களில் உண்மையான லித்தியத் தகடு இருக்கிறது. ஒரு சதுர செ.மீ.க்கு 1 மில்லி ஆம்பியர் மணி வேண்டுமென்றால் 4.85 மைக்ரான் தடிமன் லித்தியம் போதும். அடர்த்தியிலிருந்து நேராக வரும் கணக்கு.

நான் அளந்தா அடர்த்தி 0.534 வரலையே, எங்க தப்பு?

முதலில் முறை. மிதக்கும் பொருள் என்பதால் அமுக்கும் எடை ஒன்று வேண்டும். அடர்த்தி தெரிந்த உலர்ந்த மினரல் ஆயில் (0.850 என்று வைத்துக்கொள்வோம்), ஒரு ஸ்டீல் எடை. ஸ்டீலை மட்டும் எண்ணெயில் தொங்கவிட்டு நிறுத்தால் 18.00 கிராம். லித்தியம் தனியாக, ஆர்கானில், 2.00 கிராம். இரண்டையும் சேர்த்துக் கட்டி எண்ணெயில் நிறுத்தால் 16.82. இப்போது 2.00 + 18.00 − 16.82 = 3.18, அதை 0.850 ஆல் வகுத்தால் கன அளவு 3.74, 2.00 ஐ அதனால் வகுத்தால் 0.535.

எண் குறைவாக வந்தால் குமிழியைச் சந்தேகியுங்கள். வெட்டிய முகத்தின் வரிகளில் சிக்கி, கன அளவைக் கூட்டிக் காட்டும். எண் கூடுதலாக வந்தால் பெரும்பாலும் தோல்தான்: ஹைட்ராக்சைடு 1.46, கார்பனேட் 2.11, நைட்ரைடு 1.27, எல்லாமே உலோகத்தை விடக் கனம். கன அளவில் ஒரே ஒரு விழுக்காடு கார்பனேட் இருந்தால் விடை 3 விழுக்காடு உயர்ந்துவிடும். தனியாக நிறுக்கும்போது துடைக்காத எண்ணெயும் அதே பக்கம்தான் இழுக்கும். எண்ணெயின் அடர்த்தியை அந்த நேரத்து வெப்பநிலையிலேயே அளந்திருக்க வேண்டும். 5 டிகிரி பிசகினால் 0.4 விழுக்காடு போய்விடும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு விழுக்காட்டுக்குள் வித்தியாசம் நின்றால் ஐசோடோப்பை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகையை) பாருங்கள். இயற்கை லித்தியத்தில் லித்தியம்-6 ஏறக்குறைய 7.6 விழுக்காடு. படிகத்தின் அளவு கிட்டத்தட்ட மாறாததால் அடர்த்தி அணு எடையோடு சேர்ந்தே நகரும். தனி லித்தியம்-6 உலோகம் 0.46 தான். லித்தியம்-6 ஐப் பிரித்தெடுத்தபின் மிஞ்சிய சரக்கும் சந்தைக்கு வருவதுண்டு, அதில் அணு எடை 6.997 வரை போகும். லேபிளில் அணு எடை அச்சிட்டிருந்தால் 6.94 க்குப் பதில் அதைப் போட்டு, மேலே உள்ள கனசதுரக் கணக்கை மறுபடி போடுங்கள். ஒப்பிட வேண்டிய எண் அதுதான்.